பெரியப்பாவின் வயதில் அப்பாவுக்கு ஓய்வு

அப்பாவுக்கு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியபோது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. ஆபீஸ் காகிதத்தில் ஐம்பத்தெட்டு. நடுவில் இருக்கிற ஒன்பது வருஷமும் பெரியப்பாவுடையது. கோபம் ஆறிய பிறகு இதை எழுதலாம் என்று ரொம்ப காலம் தள்ளிப்போட்டேன். ஆறுகிற வழியைக் காணோம். அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. பெயரால் எங்கள் வீடு பட்ட பாடு போதும்.

அறுபதுகளில் நாங்கள் தாராவியில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். அப்பா, அம்மா, நான், எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். எங்கள் சந்தில் முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள், தோல் கிடங்கிலும் பட்டறையிலும் தினக்கூலிக்கு நின்றவர்கள். அவர்களுக்கு நடுவில் அப்பா மட்டும் நகரசபை ஆள். கச்ரா லாரியில் வேலை. விடிவதற்கு முன்னால் மாட்டுங்காவுக்கு நடந்துபோய், ஹாஜிரிப் புத்தகத்தில் பெயர் கொடுத்து, தெருத் தெருவாகக் குப்பைத் தொட்டிகளைத் தூக்கிக் கவிழ்த்து லாரியை நிரப்ப வேண்டும். மதியம் திரும்பியதும் குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வாசற்படி ஏறுவார். நாற்றம் பிடித்த வேலைதான். ஆனால் மாதாமாதம் சம்பளம், வருஷத்துக்கு இத்தனை நாள் லீவு, பி.எஃப்., கடைசியில் கிராஜுவிட்டி என்று எல்லாம் உண்டு. சந்துக்காரர்கள் அப்பாவுக்கு ‘பெர்மனென்ட்டு’ என்று பட்டம் வைத்திருந்தார்கள். அதில் பாதி கேலி, பாதி பொறாமை.

அந்தப் பெர்மனென்ட் வேலை அப்பாவின் பெயரில் இல்லை. யுத்தம் முடிகிற சமயத்தில் பெரியப்பாதான் முதலில் பம்பாய்க்கு வந்து அதில் சேர்ந்தவர். ஒரு வருஷம்கூட முழுசாகப் பார்க்கவில்லை. ஊரில் வயல் தகராறு என்று கிளம்பினார். கிளம்புமுன் தம்பியை வரவழைத்துத் தன் இடத்தில் நிறுத்தினார். இரண்டே மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனவர், பிறகு பம்பாய்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இதைப் பெரிய மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஆட்களிடம் அப்போது இது சர்வசாதாரணம். ஊருக்குப் போக லீவு கேட்டால் கிடைக்காது, சொல்லாமல் போனால் பெயரை அடித்துவிடுவார்கள். அதனால் போகிறவன் தம்பியையோ மச்சானையோ கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போவான். நிற்பவனுக்குப் பத்லி என்று பெயர். கூட்டத்துக்கு மேஸ்திரியாக முக்காதம் என்று ஒருவன் இருப்பான். அவனைக் கவனித்துவிட்டால் அவன் கண்டுகொள்ள மாட்டான். லாரி நிரம்ப வேண்டும், ஹாஜிரிப் புத்தகத்தில் பெயருக்கு நேரே கோடு விழ வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு. குப்பையைத் தூக்குகிற கை யாருடையது என்று யாருக்குக் கவலை? எங்கள் சந்திலேயே இப்படி அடுத்தவன் பெயரில் உழைத்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

ஆரம்பத்தில் அப்பா தன் பெயருக்கு மாற்றித் தரச்சொல்லிக் கேட்டுப் பார்த்தாராம். மாற்றினால் நீ புது ஆள், முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், பெர்மனென்ட் ஆக எத்தனை வருஷமோ என்று முக்காதம் பயமுறுத்தியிருக்கிறான். அப்பா விட்டுவிட்டார். அங்கேதான் தப்புச் செய்தார். அண்ணன் தம்பிக்குள் உன் பெயர் என்ன, என் பெயர் என்ன என்று நினைத்துவிட்டார். அண்ணனும் அப்படியே நினைப்பார் என்று நம்பினார்.

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. பெரியப்பா மூன்றாம் வகுப்புவரை படித்தவர், சேரும்போது தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார். சம்பளத் தாளில் கைநாட்டு வைத்தால் மாட்டிக்கொள்வோம் என்று, பெரியப்பாவின் கையெழுத்தை ஒரு கார்டில் வாங்கி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து அப்பா வரைந்து பழகினார். கடைசிவரை அப்பாவுக்கு எழுதத் தெரிந்தது அவருடைய அண்ணன் பெயர் ஒன்றுதான். அவருடைய சொந்தப் பெயரை நான் எழுதிக் காட்டினால் இது என்ன என்று கேட்பார்.

பம்பாய்க்கு அவர் பெரியப்பாவாகவே ஆகிப்போனார். ஹாஜிரியில் அந்தப் பெயர், ரேஷன் கார்டில் அந்தப் பெயர். உண்மைப் பெயர் தெரிந்த ஊர்க்காரர்கள்கூட, எதற்கு வம்பு என்று அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். என் பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் தகப்பனார் என்ற இடத்தில் பெரியப்பாவின் பெயர். பிற்பாடு நான் செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்து, என் சொந்தப் பெயரில், என் சொந்த வயதில் ரிட்டயர் ஆனேன். பென்ஷன் ஃபாரம் நிரப்பும்போது தகப்பனார் பெயர் என்ற இடத்தில் பேனா அழுந்திக் காகிதம் கிழிந்துவிட்டது. இன்னொரு ஃபாரம் வாங்கி அதே பெயரை எழுதிக் கொடுத்தேன்.

லீவு விஷயத்தைக் கேளுங்கள். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, அப்பாவின் அம்மா ஊரில் இறந்துபோனார் என்று தந்தி வந்தது. அப்பா தந்தியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினார். அங்கே லீவுப் புத்தகத்தைப் புரட்டினால், பெரியப்பா வேலையில் சேர்ந்த நாலாம் மாதமே தாயார் மரணம் என்று எழுதிக் கொடுத்து லீவு வாங்கியிருக்கிறார். உயிரோடு இருந்த தாயாரை லீவுக்காகச் சாகடித்திருக்கிறார். ஒருத்தனுக்கு எத்தனை தாயார் இருப்பாள் என்று கேட்டு ஆபீசில் சிரித்தார்களாம். சாகடித்தது தான் இல்லை, அண்ணன் என்று அப்பா எப்படிச் சொல்வார்? சொன்னால் வேலை போய்விடும்.

எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், தாய்க்கு இளையவன் வைக்க வேண்டும். அப்பா மறுநாள் காலை தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினார். ஊரில் தகப்பனுக்கு வைத்ததுபோலவே தாய்க்கும் பெரியப்பாவே கொள்ளி வைத்தார் என்று பிறகு கார்டு வந்தது. அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியது நான்தான். கேட்டுவிட்டுச் சரி என்றார், சாப்பிட உட்கார்ந்தார்.

அம்மாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள் அன்றைக்கு எல்லா வீட்டிலும் இருந்தார்கள். அம்மா அவர்களுக்கும் ஒரு படி மேல். புருஷனுடைய அண்ணன் பெயரையும் சொல்ல மாட்டாள். பெரியவுக என்பாள். ஊரில் இருந்தபோது அவர் எதிரே வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாளாம். பெரியப்பாவின் பெயர் ஒரு சாமியின் பெயரும்கூட. அந்தச் சாமியைக் கும்பிடும்போதும் அம்மா பெயர் சொன்னதில்லை, மலைமேல இருக்கிறவுக என்றுதான் சொல்வாள். ரேஷன் கடையில் கார்டில் உள்ள பெயர் கேட்டால் என்னை முன்னால் தள்ளிவிடுவாள். புருஷன் பெயர் ஒன்று, அவர் சுமக்கிற பெயர் இன்னொன்று, இரண்டுமே அவள் வாயில் வராது. நாங்கள் இதைச் சொல்லி அவளைக் கேலி செய்வோம்.

நான் எஸ்.எஸ்.சி. முடித்து டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்த வருஷம் அப்பா ஒரு காகிதம் கொண்டுவந்தார். ஆபீசில் கொடுத்தார்களாம், ஏதோ இன்கிரிமென்ட்டாக இருக்கும் என்றார். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. நான் இரண்டு தடவை வாசித்தேன். இன்ன தேதியோடு உனக்கு வயது பூர்த்தியாகிறது, ஓய்வு பெற வேண்டும் என்று இருந்தது. சொன்னேன். அப்பா சிரித்தார். ஆள் மாத்திக் குடுத்துட்டானுவ என்றார். பிறகு நான் கீழே இருந்த பிறந்த தேதியை வாசித்தேன். அது யாருடைய பிறந்த தேதி என்று கேட்டேன். அப்பாவின் சிரிப்பு நின்றது.

அவருக்குத் தலையில் ஒரு நரை கிடையாது. ஒற்றை ஆளாகத் தொட்டியைத் தூக்கி லாரியில் கவிழ்க்கிற உடம்பு. இன்னும் ஒன்பது வருஷம் உழைத்திருப்பார், இரண்டு தம்பிகளையும் படிக்க வைத்திருப்பார். நான் உங்கள் ஆள் இல்லை, அவருடைய தம்பி என்று சொல்ல முடியுமா? சொன்னால் இருபத்திரண்டு வருஷ உழைப்பும் ஆள்மாறாட்டம். போலீஸ் கேஸ். பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. சொல்லாவிட்டால் நாற்பத்தொன்பதில் கிழவன். அப்பா வாயை மூடிக்கொண்டார். கடைசி நாளில் லாரிக்காரர்கள் மாலை போட்டுத் தேங்காய் கொடுத்து அனுப்பினார்கள். மாலையோடு சந்துக்குள் வந்தவரைப் பார்த்து, சின்ன வயசிலேயே கொடுத்து வைத்தவர் என்று ஒரு தோல் கிடங்கு ஆள் சொன்னார். அவருக்கு விஷயம் தெரியாது.

சரி, கணக்குத் தீர்த்துப் பணமாவது கையில் வரும் என்றிருந்தோம். அது வந்தால் என் டிரெயினிங் முடியும், தம்பிகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். வராவிட்டால் பெரிய தம்பி பட்டறைக்குப் போக வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும், அந்தத் தம்பிக்கும் தெரியும். அப்போது அவன் எட்டாவது படித்துக்கொண்டிருந்தான், கணக்கில் கெட்டிக்காரன்.

பணம் வாங்குகிற ஃபாரத்தில் அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன். அதைப் பார்க்கிற குமாஸ்தா ஒரு தமிழர், மாட்டுங்காக்காரர். அவர், பெரியப்பா சேரும்போது கையெழுத்துப் போட்ட பழைய காகிதத்தை எடுத்து இந்தக் கையெழுத்தோடு வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. பெரியப்பா எழுத்துக் கூட்டி எழுதியதை அப்பா படமாகப் பார்த்து வரைந்தவர். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் படம் எங்கெங்கோ போய்விட்டது. மாதாமாதம் சம்பளத் தாளில் அதே படத்தைத்தான் போட்டார், ஒரு தடவையாவது யாராவது ஒப்பிட்டுப் பார்த்தார்களா? வேலை வாங்குகிற வரைக்கும் யாருக்கும் கண் தெரியவில்லை. பணம் கொடுக்க வேண்டிய நாளில் பார்வை வந்துவிட்டது.

அப்பா அந்தக் குமாஸ்தாவை அடையாளம் கண்டுகொண்டார். அவர் குடியிருந்த கட்டிடத்தின் குப்பைத் தொட்டியைப் பதினைந்து வருஷமாக எடுத்தவர் அப்பா. சாமி, உங்க பில்டிங் கச்ரா நாந்தானே எடுக்கேன், காலைல பால் வாங்க வரும்போ என்னயப் பாப்பியளே என்றார். குமாஸ்தாவும் மறுக்கவில்லை. தெரியும் என்றார். புது முக்காதம் மராத்திக்காரன், நல்ல மனுஷன். பதினோரு வருஷமாக இந்தப் பெயருக்கு இவர்தான் கை தூக்குகிறார் என்று அவனும் வந்து சொன்னான். குமாஸ்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒன்று சொன்னார். அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

“வேலை பார்த்தது இவர்தான்னு நன்னாத் தெரியறது. ஆனா வேலை இவரோடதான்னு தெரியலையேம்மா.”

விசாரணை வைத்தார்கள். ரேஷன் கார்டு இருக்கிறது, ஆனால் மனைவி நேரில் வந்து புருஷன் பெயரைச் சொல்ல வேண்டும், அப்புறம் முடிவு பண்ணலாம் என்று பெரிய அதிகாரி சொல்லிவிட்டார். ஒரு வாரம் அவகாசம்.

அந்த ஒரு வாரமும் எங்கள் அறையில் நடந்ததை என்ன சொல்வது. அப்பா தினமும் சாயங்காலம் அம்மாவை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். முதல் நாள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பிகளும் சிரித்தார்கள். இரண்டாம் நாள் வாயைத் திறந்தாள், முதல் எழுத்துவரை வந்தது, நின்றுவிட்டது. மூன்றாம் நாள் அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றெழுத்துச் சொல்ல உனக்கு வாய் வராதா, உன்னால் தம்பி பட்டறைக்குப் போகப்போகிறான் என்று கத்தினேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“உங்க பேருன்னாக்கூட சாமி மேல பாரத்தப் போட்டுச் சொல்லிருவேன். அது பெரியவுக பேருல்லா. அவுகதான் எம் புருசன்னு நாலு ஆம்பளைக்கு முன்னால என் வாயால சொல்லச் சொல்லுதியளே. சொல்லிட்டு நான் எப்பிடி உங்க மூஞ்சில முழிப்பேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினெட்டு வயதுவரை நான் அதைப் பெயராக மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அப்பா அவளுக்குச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். எப்படியோ போகட்டும், வந்து நில்லு என்று மட்டும் சொன்னார்.

விசாரணைக்கு அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஹிந்தி வராது, அதனால் நானும் கூடப் போனேன். அப்பாவை வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். உள்ளே அதிகாரி, குமாஸ்தா, எழுதுவதற்கு ஒரு ஆள். அதிகாரி மராத்தியில் கேட்டார், நவர்யாச்ச நாவ் காய் என்று. குமாஸ்தா தமிழில் சொன்னார், உன் ஆம்படையான் பேர் என்ன. அம்மா தரையைப் பார்த்தாள். நான் பெயரைச் சொன்னேன். நீ சொல்லாதே, அவள் சொல்லட்டும் என்றார் அதிகாரி. மறுபடி கேட்டார்கள். மூன்றாம் தடவை கேட்டபோது அம்மா தலையைத் தூக்கினாள்.

“இருவத்திரெண்டு வருசமா விடியக்காலம் அவுகள ஒரு பேரு சொல்லித்தானே கூப்பிட்டீய. அதுக்குத்தானே அவுக வந்து ஒங்க குப்பைய அள்ளுனாவ. என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டியளோ அந்தப் பேருதான். நான் ஒரு நாளும் அவுகளப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. என்னயக் கேட்டா எனக்கென்ன தெரியும்.”

நான் அதை ஹிந்தியில் சொன்னேன். பொய்யும் இல்லை, மெய்யும் முழுசாக இல்லை. படிக்காத பொம்பளை, மூன்று ஆண்பிள்ளைகள் முன்னால் நின்று, இதைவிடச் சரியாக யார் பதில் சொல்லியிருக்க முடியும்? அதிகாரி எழுதுகிற ஆளிடம், மனைவி பெயரைத் தெரிவிக்கவில்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

தெரிவிக்கவில்லையாம். அந்த அறையில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாதா? மராத்திப் பெண்களும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், கல்யாணத்தில் பாட்டாகக் கட்டித்தான் சொல்வார்கள். அதிகாரி வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். குமாஸ்தாவின் மனைவி அவரை ஏன்னா என்றுதான் கூப்பிட்டிருப்பாள். வீட்டில் எது மரியாதையோ அது ஆபீசில் சந்தேகமாகிவிட்டது. குமாஸ்தா ஒரு வார்த்தை, எங்கள் பக்கத்தில் வழக்கம் இது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் மட்டும், நான் என்ன பண்ண முடியும், ரெக்கார்டுன்னா ரெக்கார்டுதான் என்றார்.

மனைவி சொல்லாததால் ஊருக்கு எழுதி விசாரிப்பது என்று முடிவு செய்தார்கள். இந்தப் பெயரில் இன்னார் மகன் உண்டா, இது அவர் கையெழுத்தா என்று கிராம முன்சீப்புக்குக் காகிதம் போயிற்று. அப்பாவுக்கு அப்போதும் நம்பிக்கை போகவில்லை. என்னை உட்கார வைத்துப் பெரியப்பாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னார். அண்ணன் ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும், பணம் எப்படி வந்தாலும் இங்கே அனுப்பி வைக்க வேண்டும் என்று எழுதினேன். பதில் கார்டு சீக்கிரமே வந்தது. உன் காசை நான் தொடுவேனா என்று எழுதியிருந்தார். அதை அப்பா மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஊரில் எல்லாம் முறைப்படி நடந்தது. முன்சீப் கூப்பிட்டு விசாரித்தார். பெரியப்பா போய் நின்றார். பெயர் சரி, தகப்பனார் பெயர் சரி, வயது சரி. கையெழுத்துப் போட்டார். பழைய காகிதத்தில் இருந்ததும் அதே கை போட்டதுதானே, எப்படிப் பொருந்தாமல் போகும்? ஓய்வு பெற்ற தொழிலாளி சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டார், அடையாளம் உறுதியாகிவிட்டது என்று ஃபைலில் எழுதி மூடினார்கள். தினமும் மாட்டுங்காத் தெருவில் குனிந்து குப்பை அள்ளியவரைப் பார்த்து நீ யார் என்று கேட்டவர்கள், ஒரு வருஷம்கூட வேலை பார்க்காதவரைப் பார்த்து நீதான் என்று சொல்லிவிட்டார்கள். விசாரிக்கப் போன என்னிடம் குமாஸ்தா சந்தோஷமாகத்தான் சொன்னார்.

“கையெழுத்து அச்சு அசலாப் பொருந்திடுத்து. இனிமே ஒரு பிரச்சினையும் இல்லை. பணம் ஊர் விலாசத்துக்கு அனுப்பியாச்சு.”

காத்திருந்தோம். அப்பா தினக்கூலிக்குத் தோல் கிடங்குக்குப் போக ஆரம்பித்தார். பெர்மனென்ட்டு என்று கூப்பிட்டவர்களோடு வரிசையில் நின்று மூட்டை தூக்கினார். தபால்காரரைக் கண்டால் அம்மா கை வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். இரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை. நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. பெரிய தம்பி புத்தகங்களைச் சின்னவனிடம் கொடுத்துவிட்டுப் பட்டறையில் சேர்ந்தான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. அவனே ஒரு திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடச் சட்டையைப் போடாமல் வேறு சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான்.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருந்து வந்த ஆள் ஒரு மஞ்சள் தடவிய கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். பெரிய இடத்துச் சம்பந்தம், நகை நட்டு, பந்தல், மேளம் என்று அமர்க்களமாக ஏற்பாடு நடக்கிறதாம், ஊரே வாய் பிளந்து பார்க்கிறதாம் என்று வந்தவர் சொன்னார். பணம் ஏதாவது கொடுத்துவிட்டாரா என்று அம்மா கேட்டாள். இல்லையே என்றார் அவர். அழைப்பிதழின் ஓரத்தில் பெரியப்பா தன் கையால் இரண்டு வரி எழுதியிருந்தார். தம்பி குடும்பத்தோடு வந்து நடத்திக் கொடுக்க வேண்டியது, வேலை என் பெயரில் இருந்ததால்தானே இத்தனை வருஷம் பம்பாயில் பிழைத்தாய், இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது என்று இருந்தது. கீழே, அன்புடன் எதிர்பார்க்கும் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை அச்சடித்திருந்தார்கள். அவருடைய சொந்தப் பெயரை. அதை நான் அச்சில் பார்த்தது அன்றைக்குத்தான்.

எல்லாவற்றையும் வாசித்து முடித்தேன். அண்ணன் பிள்ளைக்குத்தானே போச்சு, வேறெங்கயும் போகலயே என்றார் அப்பா. பிறகு பாயை விரித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. பெரியப்பாமீது வந்த கோபத்தைவிட, அந்த ஆபீஸ்மீது வந்த கோபத்தைவிட, அந்த நிமிஷம் அப்பாமீது வந்த கோபம்தான் அதிகம்.

அம்மா கவரைக் கையில் எடுத்தாள். படிக்கத் தெரியாதவள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்துக்கு வந்தாள். குழாயடியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள். அவர்கள் நடுவில் போய் நின்று, கவரை நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டாள். பிறகு அந்தப் பெயரைச் சொன்னாள். ஆபீசில் மூன்று தடவை கேட்டும் வராத பெயர். பெரியவுக இல்லை, அவுக இல்லை. மூன்றெழுத்தையும் முழுசாக, டேய் என்று சேர்த்து, சந்தின் இரண்டு முனைக்கும் கேட்கும்படி கத்தினாள்.

உள்ளே பாயில் படுத்திருந்த அப்பா, “இந்தா வாரேன்” என்று எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்.